அங்க போயிக் கேளு

மதுரையில் வழி கேட்டு, தெரியாது என்று பதில் வாங்கிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. தெரிந்தாலும் சொல்லுவார்கள், தெரியாவிட்டாலும் சொல்லுவார்கள். குடித்துக்கொண்டிருக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டுக்கு இறங்கி வந்து, கையை நீட்டி, இப்படியே நேரா போங்க என்று ஆரம்பித்து, இல்லாத அரசமரத்தையும் எப்போதோ மூடிப்போன சினிமாக் கொட்டகையையும் வழி நெடுக நட்டுவைத்து, கடைசியில் தொண்டை வற்றினதும், ‘அங்க போயிக் கேளுங்க, யாரும் சொல்லுவாங்க’ என்று முடித்துவிட்டு மறுபடி டீயை எடுத்துக்கொள்வார்கள். கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது. தண்ணீர் என்று கேட்டு வந்தவனை இல்லை என்று அனுப்புவோமா, அது மாதிரித்தான் இதுவும்.

சிம்மக்கல் முக்கில் பஞ்சர் கடை வைத்திருந்த சோணைமுத்து இந்த விஷயத்தில் ஊருக்கே அண்ணன். சைக்கிள் எல்லாம் பைக்காக மாறி, பைக்குக்கு டியூப் இல்லாத டயர் வந்து, கடையில் ஈ ஓட்டுகிற காலத்திலும் அவர் தினமும் கடையைத் திறந்துவைத்தார் என்றால், முக்கில் நின்று யாராவது வழி கேட்பார்கள் என்பதற்காகத்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் திருப்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள், இந்த உலகத்தில் யாராவது அவரிடம் எதையாவது கேட்டார்கள் என்றால் அது வழி ஒன்றுதான். அதைக் கூடவா ஒரு மனுசன் சொல்லாமல் இருப்பான்?

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் வீரணன். எதிர்ச் சந்தில் தையல் மிஷின் போட்டு, பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறவர். மிஷின் பேசுகிற அளவுக்குக்கூட அவர் பேசமாட்டார். வீரணனுக்கும் அவர் சம்சாரம் பஞ்சவர்ணத்துக்கும் ஒரே பிள்ளை, அழகுராசா என்று பேர் வைத்து ராசா ராசா என்று கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை ஆறு வயதில், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு, வைகைக்குள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றது, கூட்டம் தள்ளின தள்ளில் கை நழுவிப் போனது, போனது போனதுதான். போலீஸ், பேப்பர், குறி, கோடாங்கி எதையும் விடவில்லை. மஞ்சள் சட்டை போட்ட பிள்ளையைப் பார்த்தீர்களா என்று அன்றைக்கு ஆற்று மணலில் அவர்கள் கேட்காத ஆள் கிடையாது, பார்க்கவில்லை என்று சொன்ன ஆளும் கிடையாது. இந்தா இப்பத்தான் போனான் என்று ஒருத்தர் ஆழ்வார்புரம் பக்கம் கையைக் காட்ட, அங்கிட்டு இல்ல, கல்பாலத்துப் பக்கம் என்று இன்னொருத்தர் காட்ட, புருசன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமுமாக இருட்டும்வரைக்கும் ஓடினார்கள். ராசா அவர்கள் வீட்டிலேயே வளர்ந்திருந்தால் இந்நேரம் அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும், அவ்வளவு காலம் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு சித்திரைக்கும் பஞ்சவர்ணம் ஒரு தூக்குவாளியில் புளிச்சோறும் ஒரு பாட்டிலில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, ஆற்றில் பிள்ளை கை நழுவின அதே இடத்தில் போய் நின்றுகொள்வாள். வீரணனுக்கு அந்த வேட்டுச் சத்தமும் கோவிந்தா கோஷமும் காதில் விழக்கூடாது, விழுந்தால் அன்றைக்கெல்லாம் ஊசியில் நூல் ஏறாது. அதனால் உலகமே மதுரைக்கு வந்து இறங்குகிற அன்றைக்கு, சோணைமுத்து அவரைக் கூட்டிக்கொண்டு மதுரையை விட்டு வெளியே போய்விடுவார். வருசம் ஓர் ஊர். குற்றாலம் பார்த்தார்கள், திருமயம் பார்த்தார்கள், திருச்செந்தூரில் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். இந்த வருசம் பொன்னாங்கோட்டை. கோட்டை இருக்கிறது, மலையைக் குடைந்து படுத்திருக்கிற பெருமாள் இருக்கிறார், தெப்பக்குளம் இருக்கிறது என்று டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, எதிரில் வருகிற பஸ்ஸெல்லாம் படியில் தொங்கத் தொங்க வர, இவர்கள் மட்டும் காலி பஸ்ஸில் ஆளுக்கொரு சன்னலோரம் உட்கார்ந்து போய் இறங்கினார்கள்.

இறங்கின இடத்திலேயே ஒரு கொய்யாப்பழக்காரி இருவரையும் நிறுத்தி, வெளியூரா என்று கேட்டாள். ஆமாம் என்றதும், இந்த ஊருக்குள் யாரிடமும் வழி கேட்கக்கூடாது, யாரும் கேட்டாலும் சொல்லக்கூடாது, கைப்பிடிக்காரர்கள் வந்து கூட்டிப்போவார்கள், அதுவரைக்கும் நிழலில் உட்காருங்கள் என்று சொல்லி ஆளுக்கொரு கொய்யாவையும் கொடுத்தாள். சோணைமுத்துவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கத்திரி வருவதற்கு முன்னாலேயே வெயில் மண்டையைப் பிளந்துவிட்டது போல என்றார். வீரணன் சிரிக்கவில்லை, கொய்யாவைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கைப்பிடிக்காரி முத்துராக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும், வெடுவெடு என்று பேசுகிறவள், வந்ததும் வராததுமாக இருவர் கையையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டாள். பொன்னாங்கோட்டையில் புதிதாக வந்தவர்களை அப்படித்தான் கூட்டிப்போவார்கள், கலெக்டரே வந்தாலும் கையைப் பிடித்துத்தான். நடந்துகொண்டே அவள் ஊர் நிலவரத்தைச் சொன்னாள். வழி தெரியாமல் ஒருத்தர் கேட்டு, எதிரில் நிற்கிறவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால், அந்த ஊரில் சொன்னது எப்படியோ அப்படியே வழி ஆகிவிடும். சந்து என்று சொன்னால் அங்கே சந்து வரும், மரம் என்றால் மரம் நிற்கும், எங்கே போய்ச் சேரும் என்று சொன்னார்களோ அங்கே போய்ச் சேரும். எப்போதிலிருந்து இப்படி, எதனால் இப்படி என்று சோணைமுத்து கேட்டதற்கு, உங்க ஊர்க் கிணத்துல தண்ணி எதனால ஊறுது என்று அவள் திருப்பிக் கேட்டுவிட்டாள்.

அதனால் அந்த ஊரில் கைகாட்டி மரம் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் வழி போடமாட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரிசையாகக் கை கோத்து வந்து சேர்வார்கள். ஆட்டோவில் ஏறினால் டிரைவர் முதலில் கேட்பது, ஏற்கெனவே போன இடந்தானே என்பதைத்தான். பிள்ளை நடக்கப் பழகினதும் விரலை நீட்டாமல் முஷ்டியை மூடிக்கொள்ளத்தான் தாய்மார்கள் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள், நிலாவைக்கூட அங்கே மூடின கையால்தான் காட்டுவார்கள். ஒரு முறை ரோடு போட வந்த வெளியூர் அதிகாரி ஒருவர், யார் சொல்லியும் கேளாமல், ‘மதுரை’ என்று எழுதி அம்புக்குறி போட்ட பலகை ஒன்றைத் தெப்பக்குளத்தைப் பார்க்க நட்டுவிட்டார். அன்றைக்கு சிமெண்ட் லாரிக்காரன் ஒருவன் கீழே இறங்கி நின்ற கிளீனரிடம் எப்படிப் போகணும் என்று கேட்க, கிளீனர் பலகையைப் பார்த்துப் படிக்க, லாரி அவனைத் தெருவிலேயே விட்டுவிட்டுக் குளத்தங்கரையில் திரும்பி மதுரை மாட்டுத்தாவணியில் போய் நின்றது. இதென்ன கூத்து என்று திரும்பி வர அவனுக்கு அரை நாளும் ஒரு டேங்கு டீசலும் ஆனதாம். பலகையைப் பிடுங்கிப் பெருமாள் கோயில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டுவிட்டார்கள், இன்னும் கிடக்கிறது. பரமக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுதுகொண்டே இருந்தாளாம், பக்கத்து வீட்டுக்காரி மனசு பொறுக்காமல், வண்ணான் துறைக்குப் பின்னால திரும்பினா உங்க அம்மா கொல்லைதான் என்று சொல்லிவிட்டாளாம். போனவள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ரெண்டு பஸ் மாறி வந்து மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாளாம். போகிறதற்குத்தான் அந்த வழி, வருகிறதற்கு வேறு பஸ் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கோட்டை வாசலைப் பார்த்தார்கள், துருப்பிடித்த பீரங்கியைப் பார்த்தார்கள், மலைக்குள் குளுகுளு என்று படுத்திருந்த பெருமாளைப் பார்த்தார்கள். பெருமாள் பாதத்துக்கிட்டே வீரணன் ரொம்ப நேரம் நின்றார். எங்கள் ஊரில் அவர் இன்றைக்கு ஆற்றில் நிற்கிறார், இங்கே படுத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார். சோணைமுத்துவின் பாடு வேறு மாதிரி இருந்தது. காலையிலிருந்து ஒரு ஆள் அவரிடம் வழி கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லக்கூடாது, வாய்க்குள் நாக்கு சும்மா கிடக்கமாட்டேன் என்றது.

மத்தியானம் முத்துராக்கு அவர்களை ஒரு மெஸ்ஸில் உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தாள். சோணைமுத்து ரெண்டாவது தடவை ரசம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வீரணன் அவளிடம் மெதுவாக, கேட்கிற இடம் எதுவாக இருந்தாலும் வழி வருமா என்று கேட்டார். எதுவாக இருந்தாலும் வரும், அதனால்தான் எங்க ஊர்க்காரர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை என்றாள் அவள். சொன்னவரும் கூடப் போகலாமா என்று கேட்டார். முடியாது, சொன்னவர் கால் அந்த வழியில் பாவாது, எத்தனை தரம் போனாலும் நின்ற இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும் என்றாள். வீரணன் இலையை மடக்கிவிட்டு எழுந்து போய்க் கைகழுவினார். ரசத்தில் இருந்த சோணைமுத்து இதில் பாதியைக் காதில் வாங்கவில்லை.

சாப்பிட்டதும் அவர்களை ஒரு மண்டபத்து நிழலில் உட்காரவைத்து, வீட்டில் படுத்திருக்கிற புருசனுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறேன், இந்த மண்டபத்தைவிட்டு அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு முத்துராக்கு போனாள். அசையாமல் இருக்கிற ஆளா சோணைமுத்து? பத்து நிமிசம் பொறுத்தார். தெப்பக்குளம் எங்கிட்டு இருக்கிறது என்று தனக்குத் தெரியும், காற்று வருகிற பக்கம் போனால் தண்ணீர் இருக்கும், யாரையும் கேட்கப்போவதில்லை, யாருக்கும் சொல்லப்போவதில்லை, பிறகென்ன என்று சிநேகிதரைக் கிளப்பிவிட்டார். வீரணன் பின்னால் நடந்தார். ஒரு தெரு போய் இன்னொரு தெரு வந்தது, எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி சுண்ணாம்பு அடித்த வீடுகள், எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு உச்சிவெயில் தூக்கம், பெயர்ப்பலகை கிடையாது, கைகாட்டி கிடையாது, குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. போன தெருவுக்கே ரெண்டு தடவை வந்துவிட்டோம் என்று தெரிந்தபோது சோணைமுத்துவுக்குச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. ஒரு வாய்க்கால் பாலத்தின் கட்டைச் சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

வீரணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இத்தனை வருசத்தில் ஒரு தடவைகூடச் சிநேகிதரிடம் எதையும் கேட்காத மனுசன், கேட்டார்.

“மாப்ள, எம் புள்ள ராசாகிட்டப் போகணும். எப்பிடிப் போறது?”

சோணைமுத்து யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. வழி என்று ஒரு ஆள் கேட்டதும் அவர் கை தானாக நீண்டது, நாக்கு தானாகப் புரண்டது, தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது.

“இப்பிடியே நேரா போ. ஒரு வேப்பமரம் வரும். பீச்சாங்கைப் பக்கம் திரும்புனா ஒரு சோடாக்கடை. அங்க போயிக் கேளு, யாரும் சொல்லுவாங்க.”

வீரணன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் போகும்போது சொல்லுகிற மாதிரியே, வரட்டா மாப்ள என்று சொன்னார். தெருக்கோடியில் அதுவரைக்கும் இல்லாத ஒரு வேப்பமரம் பூத்து நின்றது. அதன் அடியில் போய்ப் பீச்சாங்கைப் பக்கம் திரும்பினார். அதற்கப்புறம்தான் சோணைமுத்துவுக்கு, தன்னிடம் அவர் என்ன கேட்டார், தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு, வீரணா வீரணா என்று கத்திக்கொண்டு ஓடினார். மரத்தடியில் திரும்பினார், திரும்பினால் அதே வாய்க்கால் பாலம். மறுபடி ஓடினார், மறுபடி பாலம். நெஞ்சு அடைக்கிறவரைக்கும் ஓடிவிட்டு, அந்தக் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

தேடிக்கொண்டு வந்த முத்துராக்கு, ரெண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தர் இருப்பதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் கூப்பாடு போடவில்லை. வீட்டுக் கதவுகள் திறந்தன. ஒரு வீட்டிலிருந்து செம்பில் தண்ணீர் வந்தது, ஒரு வீட்டிலிருந்து உட்காரப் பாய் வந்தது, வேப்பமரத்தடியில் ஒரு பெண் கோலமாவால் சின்னதாக ஒரு கோடு இழுத்து, சின்னப் பிள்ளைகள் இதைத் தாண்டி விளையாடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியூர்க்காரர்கள் இப்படி ஆளைத் தொலைத்துவிட்டு உட்காருவது அந்த ஊருக்குப் புதிது இல்லை. ஆறுதல் என்று எதுவும் சொல்லமாட்டார்கள், முறை வைத்துச் சோறு போடுவார்கள். பஸ் இருக்கிற ஊருக்குப் போனவர்கள் ஒரு வாரத்துக்குள் வந்து இறங்கிவிடுவார்கள். வராதவர்களுக்காகக் காத்திருக்கிறவர்களை, எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கமாட்டார்கள்.

சொன்ன வழியை ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொன்னாள் முத்துராக்கு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொல்ல வேண்டும், அது அங்கே வழக்கம். சோணைமுத்து சுவரிடம் சொன்னார். நேரா, வேப்பமரம், பீச்சாங்கை, சோடாக்கடை. அங்க போயிக் கேளு என்றபோது பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் மூச்சை இழுத்தது அவருக்குக் கேட்டது.

“பாதி வழியச் சொல்லிட்டீகளே,” என்றாள் முத்துராக்கு. “அங்க யாருங்க இருக்கா கேக்குறதுக்கு?”

சொன்ன வழியில் சொன்னதுதான் இருக்கும், சொல்லாதது இருக்காது. சோடாக்கடை இருக்கும், சோடாக்கடைக்காரர் இருக்கமாட்டார். போன தலைமுறையில் வாத்தியார் ஒருவரை யாரோ இப்படித்தான் பாதி வழியில் விட்டுவிட்டார்களாம், மழைக்காலத்தில் மேலத்தெரு முக்கில் நின்றால் அவர் இருமுவது இன்னும் கேட்குமாம், அந்தத் தெருக்காரர்கள் சுக்குத்தண்ணி வைத்துவிட்டுப் போவார்களாம். சோணைமுத்து இதை நம்பவேண்டாம் என்றுதான் பார்த்தார். சாயங்காலம் வெயில் இறங்கி, தெருவில் தண்ணீர் தெளிக்கிற நேரத்தில், வேப்பமரத்துப் பக்கமிருந்து வீரணன் குரல் கேட்டது. பக்கத்தில்தான், ஒரு சுவருக்கு அந்தப்புறம் மாதிரி. ஏங்க, யாருங்க உள்ள, ராசாகிட்டப் போகணும், எப்பிடிங்க போறது என்று பதமாக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், கடைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்கிற குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே கேள்வி.

சோணைமுத்து தொண்டை கிழியக் கத்தினார். மாப்ள, அங்கிட்டிருந்து சோத்தாங்கைப் பக்கம் போ மாப்ள என்றார், திரும்பி வந்துரு மாப்ள என்றார். கேட்கிறவரும் சொல்லுகிறவரும் முகத்துக்கு முகம் நின்றால்தான் அங்கே வழி ஆகும். ஒன்றும் போய்ச் சேரவில்லை. நின்று நின்று கேட்டுக்கொண்டே இருந்த அந்தக் குரலில் கோபம் இல்லை, அதுதான் சோணைமுத்துவைக் கொன்றது.

சில நாள் அங்கேயே கிடந்தார். சோறு முறை தப்பாமல் வந்தது, குரலும் வந்தது. பிறகு முத்துராக்குதான், நடுவழியில் நிற்கிறவரைக் கூட்டிக்கொண்டு மீதி வழி போக, முழு வழியையும் கேட்கிற உரிமையுள்ள ஆள் யாராவது வீரணனுக்கு இருக்கிறார்களா என்று கேட்டாள். போனில் சொல்லுகிற சேதியா இது? பஸ் ஏறி மதுரைக்கு வந்தார்.

பஞ்சவர்ணம் நடைவாசலில் உட்கார்ந்து தூக்குவாளியைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருசன் ஒரு வாரமாக வரவில்லை, கூடப் போனவர் தனியாக வந்து நிற்கிறார், அவள் தேய்க்கிறதை நிறுத்தவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். அவர் அவள் காலில் விழப்போனபோது வாளியைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கும் இதானண்ணே நடந்துச்சு,” என்றாள். “ஆத்துக்குள்ள கேட்ட ஆளெல்லாம் ஆளுக்கொரு பக்கம் கையக் காட்டுனாக. ஒருத்தர், ஒரே ஒருத்தர் எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லியிருந்தா, நான் நின்ன எடத்துலயே நின்னுருப்பேன். எம் புள்ள அங்க திரும்பி வந்துருப்பான். வந்து பாத்துருப்பான்ண்ணே, ஆத்தாளக் காணோமேன்னு.”

இத்தனை வருசமாக அவள் ஏன் அதே இடத்தில் போய் நிற்கிறாள் என்று சோணைமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. மதுரைக்காரனாகப் பிறந்ததற்கு அவர் வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். பஞ்சவர்ணம் முகத்தைக் கழுவினாள், வீட்டைப் பூட்டினாள், சாவியை எதிர்வீட்டில் கொடுத்தாள். எப்போது வருவாய் என்று எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு, போனால்தான் தெரியும் என்றாள்.

பொன்னாங்கோட்டைக்காரர்களுக்கு அவளைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஊர் ரெண்டாகப் பிரிந்து பேசியது. அந்தாளைத்தான் தொலைச்சாச்சு, இந்தப் பொம்பளையையுமா என்று ஒரு பக்கம், நடுவழியில் நிற்கிறவரை அப்படியே விட்டுவிடுவதா என்று ஒரு பக்கம். பேசிப் பேசி ஓய்ந்து, அவளைப் போ என்றும் சொல்லாமல் போகாதே என்றும் சொல்லாமல், பெண்கள் சேர்ந்து கட்டுச்சோறு கட்டினார்கள். ரெண்டு ஆளுக்குப் போதுமா என்று ஒருத்தி கேட்க, மூணு ஆளுக்குக் கட்டுங்க என்றாள் பஞ்சவர்ணம்.

சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் அவள் காத்து நின்றாள். குரல் வந்தது. ஏங்க, யாருங்க உள்ள. புருசன் குரலைக் கேட்டதும் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சோணைமுத்துவின் முன்னால் வந்து முகத்துக்கு முகம் நின்றாள்.

“அண்ணே, எனக்கு எம் புள்ளகிட்டப் போகணும். போற வழியில எம் புருசனையும் கூட்டிக்கிறணும். எப்பிடிப் போறது?”

தெரியாது என்று சொல்லிவிடத்தான் அவர் வந்த வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். சொல்லியிருந்தால் அவள் மதுரைக்குத் திரும்பியிருப்பாள், ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு அவரைக் கூப்பிட ஒரு வீடாவது மிஞ்சியிருக்கும். வாய் வரைக்கும் வந்தது. அப்போது வேப்பமரத்துக்கு அந்தப்புறம், அவருடைய சிநேகிதர் மறுபடியும் பதமாக வழி கேட்டார்.

சோணைமுத்து கையை நீட்டினார். 

“இப்பிடியே நேரா போ தாயி. ஒனக்கு முட்டிவலி, மெதுவாப் போ, ரோடு முழுக்க நெழலாத்தான் இருக்கும். வேப்பமரத்துல பீச்சாங்கைப் பக்கம் திரும்பு. சோடாக்கடை வாசல்ல வீரணன் நிக்கிறான். பெஞ்சி கெடக்கும், உக்காரு, அவனையும் உக்கார வையி. ரெண்டு பேரும் சாப்பிடுங்க, மூணாவது பொட்டணத்தப் பிரிக்காதீக. கடைக்குப் பின்னால ஒரு கொழா இருக்கு, நல்ல தண்ணி, குடிங்க. அங்கருந்து சோத்தாங்கைப் பக்கம் ஒரு சந்து, கையப் புடிச்சுக்கிட்டே போங்க, விட்றாதீக. சந்து முடியிற எடத்துல படிக்கட்டு, புடிச்சு எறங்கக் கம்பி போட்டுருக்கு. எறங்குனா ஆறு. கூட்டமெல்லாம் கலைஞ்சு போச்சு தாயி. வேட்டுச் சத்தம் இல்ல. அழகரு மேல ஏறிப் போயிட்டாரு, பந்தலப் பிரிச்சுக்கிட்டு இருப்பாக. மணலு காலச் சுடாது. கொஞ்சந்தூரம் போனீகன்னா நீ நின்ன எடம் தெரியும், ஒனக்கு நான் சொல்லணுமா? அங்கதான் உக்காந்துருக்கான். மஞ்சச் சட்ட. அழுகல, தாயி, மணல்ல கோயில் கட்டிக்கிட்டு இருக்கான். யார்ட்டயும் கேக்க வேணாம். யாரும் இருக்கமாட்டாக. நேரா அவன்கிட்டப் போ. போயித் தூக்கிக்க.”

சொல்லி முடித்தார். சோணைமுத்து தான் சொன்னதை முதலிலிருந்து ஒரு தடவை மனசுக்குள் நடந்து பார்த்தார், எங்கேயாவது இடறுமா, எங்கேயாவது இருட்டாக இருக்குமா என்று. எதுவும் விட்டுப்போகவில்லை. பஞ்சவர்ணம் கட்டுச்சோற்றை இடுப்பில் வைத்துக்கொண்டாள், வாரேன்ண்ணே என்றாள், நடந்தாள். அவருக்கு மட்டும் தெரிந்த நிழல் ஒன்று தெருவில் அவள்கூடவே போனது. வேப்பமரத்தடியில் திரும்பினாள். இந்தா வந்துட்டேன்யா என்று அவள் குரல் கேட்டது, பெஞ்சி நகருகிற சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் கழித்து, படியில் ரெண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்து இறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

இருட்டப்போகிறது, வீட்டுக்கு வாங்க என்று முத்துராக்கு அவர் கையைப் பிடித்தாள். சோணைமுத்து நகரவில்லை. மூன்று பேரும் ஊருக்குத் திரும்புவதற்கான வழி ஒன்று, படி, சந்து, சோடாக்கடை, மதுரை பஸ் நிற்கிற இடம், எல்லாம் சேர்த்து, அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை மட்டும் பஞ்சவர்ணம் அவரிடம் கேட்கவில்லை.